ஏழாவது கட்டம்

“கம்ப்யூட்டரில் ஷெல்லை மாற்றிவிட்டேன்” என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மாலையில் என்னோடு கலங்கரை விளக்கம் பக்கம் நடக்க வரும் நண்பர், “புதுசு என்ன விலை சார்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கோடியக்கரையில் ஷெல் என்றால் சங்கும் சிப்பியும்தான். கம்ப்யூட்டரில் ஷெல் என்றால் ஏதோ உதிரிபாகம் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்துகொண்டே அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். பழைய வங்கிக் கவுண்டர் ஒன்றும் நடுவில் வரும்.

அந்தக் காலத்தில் எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலிலும் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாம் நம் பேச்சில் சொல்வோம்: “பட்டா இன்னும் அப்பா பேர்லயே இருக்குங்க, பிரிச்சுத் தரணும்.” அவர் அதை ஆபீஸுக்குப் புரிகிற பாஷையில், சர்வே நம்பர் சகிதம் எழுதி, எந்த மேஜைக்குப் போகவேண்டுமோ அந்த மேஜைக்குக் கைகாட்டுவார். பதில் வந்தால் படித்தும் சொல்வார். உள்ளே இருக்கும் அதிகாரியிடம் நாம் நேரே பேசுவதே இல்லை.

கம்ப்யூட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு கெர்னல் என்று பெயர். நினைவகம், வட்டு, பிரிண்டர் எல்லாம் அவர் கட்டுப்பாட்டில். திரையில் படங்களைத் தொட்டு வேலை வாங்குவது ஒரு வழி. எழுத்தால் கட்டளை தட்டி வேலை வாங்குவது இன்னொரு வழி; அதுதான் பழைய வழி. அப்படித் தட்டும்போது வாசலில் உட்கார்ந்து நம் எழுத்தை வாங்கி, உள்ளே புரியும்படி எடுத்துச் சொல்பவர்தான் ஷெல். கெர்னல் என்றால் பருப்பு, ஷெல் என்றால் அதைச் சுற்றிய ஓடு. தேங்காய்க்குக் கொட்டாங்கச்சி மாதிரி. 1960-களில் அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்ற பெரிய அமைப்பை உருவாக்கியபோது, லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் இது.

மனு எழுதுபவர் ஊருக்கு ஒருவர்தான் என்று இல்லை. ஒருவர் எழுத்து அழகாக இருக்கும், இன்னொருவர் வேகமாக எழுதுவார், மற்றொருவர் நாம் பாதி சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொள்வார். உள்ளே இருக்கும் அதிகாரி மட்டும் அதே ஆள்தான். முதல் தடவை போகிறவருக்கு யாரைத் தெரியும்? வாசலில் நிற்கும் பியூன் கைகாட்டுகிறவரிடம் போவார். அப்புறம் பழக்கமாகி, ஆயுசு முழுக்க அவரிடமே போவார். இந்தக் கைகாட்டலைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் ‘டீஃபால்ட்’ என்கிறார்கள். நாம் வாயைத் திறந்து எதுவும் கேட்காவிட்டால் நமக்குக் கிடைப்பது எதுவோ, அது.

ஷெல் குடும்பத்தின் வம்சாவளியையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ் என்ற அமைப்பு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்கு முதல் ஷெல்லை 1971-இல் கென் தாம்சன் எழுதினார். 1979-இல் அங்கேயே ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. இன்றைய ஷெல்கள் பலவற்றுக்கு அதுதான் பாட்டனார். பில் ஜாய் எழுதியது சி ஷெல், டேவிட் கோர்ன் எழுதியது கோர்ன் ஷெல். 1989-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு பிரயன் ஃபாக்ஸ் எழுதியது பாஷ். ‘போர்ன் அகெய்ன் ஷெல்’ என்பதன் சுருக்கம் அது. போர்ன் என்பவரின் ஷெல் மறுபடியும் வந்தது என்றும் சொல்லலாம், மறுபிறவி எடுத்தது என்றும் சொல்லலாம். நம் ஊர்ச் சிலேடைப் புலவர்கள் கேட்டால் மெச்சுவார்கள். 1990-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் பால் ஃபால்ஸ்டாட் எழுதியது இசட்-ஷெல். 2005-இல் ஆக்சல் லில்யன்க்ரான்ட்ஸ் எழுதியது ஃபிஷ். நான் மாறியது இந்த ஃபிஷ்ஷுக்குத்தான். மீன்பிடிக்கும் ஊரில் இருந்துகொண்டு வேறு எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேலியாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வங்கிக் கவுண்டர்.

நான் வேலை பார்த்தது டெல்டாவில் ஒரு சிறிய ஊரில், ஒரு வங்கிக் கிளையில். எந்த வங்கி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். வங்கிகளில் கம்ப்யூட்டர் வரவேண்டும் என்று சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அறிக்கை கொடுத்தது. யூனியன்கள் எதிர்த்தன, பேச்சுவார்த்தை நடந்தது, ஒப்பந்தம் ஆனது. எங்கள் கிளைக்கு இயந்திரம் வந்து சேரும்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஏ.சி. அறையில் ஒரு யூனிக்ஸ் பெட்டி, அதிலிருந்து கம்பி இழுத்து கவுண்டர்களில் நான்கு டெர்மினல்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து.

காலையில் பெயரும் பாஸ்வேர்டும் தட்டினால் திரையில் ஒரு பட்டியல் வரும். 1 வரவு, 2 பற்று, 3 இருப்பு, 4 பாஸ்புக் பதிவு என்று போய், கடைசியில் 0 வெளியேறு. பூஜ்யத்தை அழுத்தினால் மறுபடியும் ‘பெயர் என்ன?’ என்று கேட்கும் திரைக்கே போய்விடும். அந்தப் பட்டியலுக்கு வெளியே கம்ப்யூட்டரில் வேறு உலகம் இருக்கிறது என்பதற்கு எங்களுக்கு எந்த அடையாளமும் கிடையாது. கம்ப்யூட்டர் என்றாலே அந்தப் பட்டியல்தான் என்று பல வருஷம் நினைத்திருந்தோம்.

1998 என்று ஞாபகம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு அம்மாள் வந்தார். புருஷன் உப்பளத்தில் வேலை பார்த்தவர், இறந்து நாலு மாதம். எங்கள் கிளையில் அவருக்குக் கணக்கு இருந்தது என்பது மட்டும் அந்த அம்மாளுக்குத் தெரியும். கூரை ஒழுகி, தகரப்பெட்டியில் தண்ணீர் இறங்கி, பாஸ்புக் கூழாகிவிட்டது. கணக்கு எண் தெரியாது. “பேரு சொல்றேன், பார்த்துச் சொல்லுங்கய்யா” என்றார்.

கையால் எழுதும் பேரேடு இருந்த நாளில் இது ஒரு வேலையே இல்லை. பேரேட்டின் முன்பக்கத்தில் அகரவரிசையில் பெயர்ப்பட்டியல் இருக்கும், விரலை ஓட்டினால் போதும். ஆனால் பேரேடுகளை மூட்டை கட்டி வேறு ஊர் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பியாகிவிட்டது. திரையில் 3-ஐ அழுத்தினால் ‘கணக்கு எண்?’ என்று கேட்கும். பெயரை வைத்துத் தேட அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. அப்படி ஒரு தேவை வரும் என்று பட்டியலை எழுதியவருக்குத் தோன்றவில்லை. எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து எழுதியவர் அவர். அந்த அம்மாள் மூன்று தடவை வந்து போனார். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்கு ஒரு நாள் கூலியில் பாதி போகும்.

நாலாவது தடவை அவர் வந்த நாளில், மண்டல அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு இளைஞர் இயந்திரத்தைப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் சொன்னேன். “வாங்க சார்” என்று ஏ.சி. அறைக்குள் கூட்டிப்போனார். அவர் தன் பெயரைத் தட்டியபோது பட்டியல் வரவில்லை. ஒரே ஒரு டாலர் குறி, பக்கத்தில் மினுக்கும் ஒரு கட்டம். அவ்வளவுதான். மாதக் கடைசியில் பிரிண்ட் எடுக்கும் இருப்புப் பட்டியல் உள்ளே ஒரு கோப்பாகவே இருக்குமாம். ‘கிரெப்’ என்று ஒரு கட்டளை, பக்கத்தில் இறந்தவர் பெயர், பக்கத்தில் அந்தக் கோப்பின் பெயர். தட்டி முடித்த மாத்திரத்தில் அதே பெயரில் மூன்று வரி வந்து விழுந்தது. மூன்றாவது வரியில் ஊர்ப்பெயர் சரியாக இருந்தது. வெளியே வந்து அந்த அம்மாளிடம் கணக்கு எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று வழக்கமான நடைதான். பொங்கலுக்கு முன்னால் பணம் கைக்குப் போய்விட்டது.

அந்த டாலர் குறி என்னைத் தூங்கவிடவில்லை. “உங்களுக்கு டாலர் வருது, எங்களுக்கு ஏன் லிஸ்ட் வருது?” என்று கேட்டேன். இளைஞர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். யூனிக்ஸ், லினக்ஸ் எதுவானாலும் ‘பாஸ்வேர்டு கோப்பு’ என்று ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் முக்கால்புள்ளி வைத்துப் பிரித்த ஏழு கட்டங்கள். பெயர், பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடம் (உண்மையான பாஸ்வேர்டு வேறு கோப்பில் மறைத்து வைத்திருக்கும்; இங்கே பெரும்பாலும் ஒரு எக்ஸ் மட்டும்), ஆள் எண், குழு எண், முழுப்பெயர், அவருடைய வீட்டு அடைவு, ஏழாவதாக ஷெல். ஷெல்லை மாற்றுவதற்கு முன் என் வீட்டு மடிக்கணினியில் இருந்த வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

தாத்தா:எக்ஸ்:1000:1000:தாத்தா:/ஹோம்/தாத்தா:/பின்/பாஷ்

நாம் உள்ளே நுழைந்ததும் கம்ப்யூட்டர் ஏழாவது கட்டத்தைப் பார்க்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அது முடிந்தால் நம்மை வெளியே அனுப்பிவிடும். வங்கியில் அந்த இளைஞர் பெயருக்கு நேரே ஏழாவது கட்டத்தில் ஒரு ஷெல் இருந்தது. எங்கள் நாலு பேர் பெயருக்கும் நேரே அந்தப் பட்டியல் நிரலின் பெயர் இருந்தது. அதனால்தான் பூஜ்யம் தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகிறோம். வித்தியாசம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

நியாயத்தையும் சொல்லவேண்டும். பிறர் பணம் புழங்கும் இடத்தில் எல்லார் கையிலும் டாலர் குறியைக் கொடுத்துவிட முடியாது. கவுண்டரில் இருப்பவரைப் பட்டியலுக்குள் வைப்பதில் பாதுகாப்பு உண்டு. இன்றைக்கும் லினக்ஸில் மனிதர் நுழையத் தேவையில்லாத கணக்குகளுக்கு ஏழாவது கட்டத்தில் ‘நோ-லாகின்’ என்று எழுதி வைப்பார்கள். யாராவது நுழைந்தால் ‘இந்தக் கணக்கு இப்போது இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும். எனக்குப் பிடிபட்ட பாடம் வேறு. நம்மால் எதிரில் நிற்பவருக்கு என்ன செய்ய முடியும் என்பதை எங்கோ யாரோ எழுதிய ஒரு சொல் தீர்மானிக்கிறது. அந்தச் சொல் எங்கே எழுதியிருக்கிறது என்று தெரிந்திருந்தால், பட்டியலில் ‘பெயர்த் தேடல்’ ஒன்றைச் சேருங்கள் என்று கேட்கவாவது கேட்டிருக்கலாம். தெரிந்த பிறகு கேட்டோம். அடுத்த பதிப்பில் 9 என்று ஒரு எண் கூடியது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு என் கைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்த கதை எளியது. தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதல்லவா, பேத்தி பிளஸ் டூ படித்தபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. இந்த பாஸ் வேறு, மேலே சொன்ன பாஷ் வேறு. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கியது. தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் பயன்படுத்தலாம். அவள் வேலைக்குப் போனதும் ஆபீஸில் வேறு கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டார்கள். பழையதை எனக்குக் கொடுத்தாள். அதில் புது டெபியனைப் போட்டுத் தந்தாள். திறந்து, கட்டளைச் சன்னலைக் கூப்பிட்டேன். கறுப்புத் திரை, என் பெயர், பக்கத்தில் டாலர் குறி. கவுண்டரில் இருந்த அத்தனை வருஷமும் எனக்கு வராத குறி, ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றது. ஒரு தடவை காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் நான் செய்யும் முக்கிய வேலை மழைக் கணக்கு. கொல்லையில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுவேன். பழைய நோட்டுகளையும் கோப்பில் ஏற்றிவிட்டேன். 2018 நவம்பர் 16-க்கு நேரே ஒரு கோடு மட்டும் இருக்கும். அன்றைக்குக் கஜா புயலில் மழைமானியே பறந்துவிட்டது. மாதவாரியாகக் கூட்டிச் சொல்ல ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வரிதான். போன வருஷம் கார்த்திகையையும் இந்த வருஷம் கார்த்திகையையும் ஒப்பிட்டுச் சொன்னால், சுற்றுவட்டாரத்தில் சாகுபடி செய்பவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இப்போது ஏன் மாற்றினேன் என்பதற்கு வருகிறேன். இரண்டு வருஷமாக வலது கை விரல்களில் லேசான நடுக்கம். ஒரு எழுத்து தட்டப்போய் இரண்டு விழும். பாஷ்ஷிலும் பழைய கட்டளையைத் திரும்ப எடுக்க வழி உண்டு, ஆனால் நாமாகத் தேடி எடுக்கவேண்டும். ஃபிஷ் அப்படியில்லை. முன்பு தட்டியதை ஞாபகம் வைத்திருந்து, இரண்டு எழுத்து தட்டியதும் மீதியை மங்கலான எழுத்தில் தானே காட்டும். அதுதான் வேண்டும் என்றால் வலது அம்புக்குறியை ஒரு தட்டு. வேண்டாம் என்றால் நம் போக்கில் தட்டிக்கொண்டு போகலாம். தப்பான கட்டளையைச் சிவப்பில் காட்டிவிடும், என்டர் தட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பாதி சொல்வதற்குள் மீதியைப் புரிந்துகொள்ளும் மனு எழுத்தர் இவர்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மங்கல் எழுத்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நிறத்தை நீலமாக மாற்றிக்கொண்டேன்.

பேத்திக்கு இதில் உடன்பாடு இல்லை. “தாத்தா, பாஷ்ஷே இருக்கட்டுமே. எந்த சர்வருக்குப் போனாலும் அதுதான் இருக்கும். ஃபிஷ் பழகிட்டா வேற இடத்துல கை தடுமாறும்” என்றாள்.

“நான் எந்த சர்வருக்கும்மா போகப்போறேன்? ரேஷன் கடைக்கே மெதுவாத்தான் போறேன்” என்றேன்.

சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது அவள் தொழிலுக்கு முழு உண்மை. பத்து இடத்தில் கைவைக்க வேண்டியவருக்கு எங்கும் இருப்பதுதான் நல்லது. ஒரே மேஜையில் உட்காருகிறவருக்குத் தன் கைக்கு ஏற்றதுதான் நல்லது.

அவளுக்கே இந்த மாற்றம் கேட்காமல் வந்தது. ஆபீஸில் கொடுத்தது ஆப்பிள் கம்ப்யூட்டர். ஆப்பிள் பல வருஷமாக பாஷ்ஷின் 3.2 என்ற பழைய பதிப்பையே வைத்திருந்தது. அதற்குப் பிந்தைய பதிப்புகள் புதிய உரிம விதிகளோடு வந்தன. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா என்ற பதிப்பிலிருந்து, ஆப்பிளின் டீஃபால்ட் ஷெல் இசட்-ஷெல் ஆகிவிட்டது. பழைய கணக்குகளை அப்படியே விட்டுவிட்டு, ‘இனி டீஃபால்ட் இது, மாறவேண்டுமானால் இந்தக் கட்டளையைத் தட்டுங்கள்’ என்று ஒரு அறிவிப்பை மட்டும் காட்டினார்கள். “டாலர் போய் பர்சன்ட் குறி வந்திருச்சு தாத்தா” என்று போனில் சொன்னாள். இசட்-ஷெல்லுக்கு அதுதான் அடையாளம்.

எல்லா மாற்றமும் இப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10-இல் கம்ப்யூட்டர் தன் உள்வேலைகளுக்குப் பயன்படுத்தும் ஷெல்லை பாஷ்ஷிலிருந்து டாஷ் என்ற சிறிய ஷெல்லுக்கு மாற்றினார்கள். வேகம் கூடியது. ஆனால் பாஷ்ஷுக்கு மட்டுமே புரியும் விதத்தில் எழுதியிருந்த பல நிரல்கள் நின்றுபோயின. எழுதியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2014 செப்டம்பரில் பாஷ்ஷில் ‘ஷெல்ஷாக்’ என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே பதறியது. அப்போது உள்வேலைக்கு டாஷ் வைத்திருந்த இயந்திரங்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. டீஃபால்ட் என்பது வெறும் ருசி விஷயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாற்றும் முறைக்கு நம் கடற்கரையிலேயே ஒரு வாத்தியார் இருக்கிறார். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பாகம் மெத்தென்று இருக்கும், ஓடில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாலும் பறவை கொத்திவிடும். உடம்பு வளர்ந்து சங்கு பற்றாமல் போனால் வேறு சங்கு தேடும். கிடைத்ததும் பாய்ந்து மாறிவிடாது. கொடுக்கால் புரட்டிப் பார்க்கும், வாயை அளக்கும், உள்ளே விட்டுத் துழாவும். திருப்தி என்றால்தான் பழையதை விட்டு ஒரே நொடியில் புதியதற்குள் போகும். நானும் அப்படித்தான் செய்தேன்.

முதலில் ஃபிஷ்ஷை நிறுவினேன். டீஃபால்ட்டைத் தொடவில்லை. பாஷ்ஷுக்குள் இருந்தபடியே ‘ஃபிஷ்’ என்று தட்டினால் அது வரும், ‘எக்ஸிட்’ என்றால் பாஷ்ஷுக்கே திரும்பிவிடும். இப்படி ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். பிடித்தது. அடுத்து, அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் பட்டியல் ஒன்று கம்ப்யூட்டரில் ‘ஷெல்ஸ்’ என்ற கோப்பில் இருக்கும். அதில் ஃபிஷ்ஷின் பெயர் முழு முகவரியோடு இருக்கிறதா என்று பார்த்தேன். அதில் இல்லாததற்குச் சாதாரணப் பயனர் மாற முடியாது. அப்புறம்தான் மாற்றும் கட்டளை. ‘சேஞ்ச் ஷெல்’ என்பதைச் சுருக்கி சி-எச்-எஸ்-எச் என்று நாலே எழுத்து. ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு எஸ், ஒரு இடைவெளி, புது ஷெல்லின் முழு முகவரி. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் நுழையும்போதுதான் புதியது வரும். திறந்திருந்த பழைய சன்னலை மூடாமல், வேறாக ஒரு தடவை நுழைந்து, எல்லாம் சரியாக வருகிறது என்று பார்த்த பிறகே பழையதை மூடினேன். பிடிக்கவில்லை என்றால் அதே நாலெழுத்துக் கட்டளைதான் திரும்பி வரும் வழியும்.

‘ரூட்’ என்ற தலைமைக் கணக்கின் ஷெல்லை மட்டும் மாற்றவில்லை. ஏதாவது கோளாறு வந்தால் நுழைந்து சரிசெய்ய வேண்டிய வாசல் அது. அது பழைய சாவியிலேயே இருக்கட்டும்.

மழைக் கணக்கு நிரல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அதன் முதல் வரியில், என்னை எந்த ஷெல் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பழைய மனுவின் தலைப்பில் ‘இது இன்னார் எழுத்து, அவரிடமே கொடுத்து வாசிக்கவும்’ என்று குறித்து வைத்த மாதிரி. ஃபிஷ்ஷின் இலக்கணம் போர்ன் வம்சத்திலிருந்து மாறுபட்டது. ஒரு மதிப்பைக் குறித்து வைக்க அங்கே சமக்குறி போடுவார்கள், இங்கே ‘செட்’ என்று சொல்லவேண்டும். அந்த முதல் வரி இல்லாவிட்டால் தகராறுதான். நிரல் எழுதி வைத்திருக்கும் நண்பர்கள் மாறுவதற்கு முன் முதல் வரியைச் சரிபார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ‘செட்டிங்ஸ்’ போய், ‘ஆப்ஸ்’ போய், ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ என்பதைத் திறந்து பாருங்கள். இணையத்தைத் திறக்க எது, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு எது, போன் பேச எது என்று வரிசையாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள். போனில் எழுத்து பொடியாக இருக்கிறது, எல்லாம் இங்கிலீஷில் வருகிறது என்று குறைப்படும் நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர்! எழுத்தைப் பெரிதாக்கவும் மொழியைத் தமிழாக்கவும் அதே ‘செட்டிங்ஸில்’ இடம் இருக்கிறது. நடைக்கு வரும் நண்பருக்கு அன்றைக்கே செய்து கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “இது முதல்லேருந்தே இதுக்குள்ளதான் இருந்துதா?” என்று கேட்டார்.

எல்லாவற்றையும் மாற்றியே தீரவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்துவிட்டு, இருப்பதே போதும் என்று விட்டுவிடுவதும் சரிதான். பேத்தியின் கம்ப்யூட்டரில் இசட்-ஷெல் இருக்கிறது, என்னுடையதில் ஃபிஷ், ரூட்டுக்கு பாஷ். அவரவர் கைக்கு எது வாகோ அது இருக்கட்டும். ஏழாவது கட்டத்தில் நம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.